மூன்று ஏக்கர், ஒரு கிணறு, மணமாகாதவள்

1988 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கம்பத்தில் ரஃபியாவின் திராட்சைத் தோட்டத்துக் கிணறு வருமான வரிச் சட்டம் நடத்தத் தொடங்கியது. குரல் அப்துல் ஜலீலுடையது. ஏலக்காய் வியாபாரியின் மகன். முந்தின வாரம்தான் டெல்லிக் கல்லூரி ஒன்றில் சட்ட விரிவுரையாளராகச் சேரப் போயிருந்தான். அங்கே ஆங்கிலத்தில் புறப்பட்ட பாடம் இங்கே கம்பத்துத் தமிழில் வந்து இறங்கியது. நடுவில் யார் மாற்றிக் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சரக்கு சேதமில்லாமல் வந்துவிட்டால் லாரிக்காரனிடம் வழி விசாரிக்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது.

ரஃபியாவுக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் திராட்சைக் கமிஷன் மண்டிக்காரர் மகள். இரண்டு வீட்டிலும் நடக்கப் பழகும் முன்பே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவர்தான் இறங்கிப் போவார். ஜலீல் புறப்பட்ட அன்று இருவரும் ஒரு முழு மத்தியானம் கிணற்று மேட்டில் நின்றார்கள். அவன் கேட்கட்டும் என்று அவள், அவள் சொல்லட்டும் என்று அவன். மோட்டார் எத்தனை எச்.பி. என்று விசாரித்தான். டெல்லியில் குளிர் எப்படி என்று அவள் கேட்டாள். ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்ததும் அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அப்போது உள்ளே விழுந்த குரல்தான் வாரந்தோறும் திங்களும் வியாழனும் பேசியது.

வருடங்கள் போயின. பழனிசெட்டிபட்டி கடைக்காரர்களும் கடமலைக்குண்டு சம்சாரிகளும் நோட்டும் கையுமாக வந்து கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்த ராமுத்தாய் டீ போட்டு விற்றாள். தேனியில் இரண்டு ஆடிட்டர்கள் அலுவலகத்தை மூடினார்கள். மூன்றாமவர் விவரமானவர், தானும் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தார். 2020இல் கிணறு “எல்லாரும் மியூட் பண்ணுங்க” என்றபோது, கூடியிருந்தவர்கள் முகக்கவசத்துக்கு மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டார்கள்.

ரஃபியா காத்திருந்தது சட்டப் பிரிவுகளுக்காக அல்ல, எடுத்துக்காட்டுக்காக. “கம்பத்துல ஒரு பொண்ணுன்னு வச்சுக்குங்க. மூணு ஏக்கர் பன்னீர் திராட்சை, ஒரு கிணறு. கல்யாணம் ஆகாதவ.” வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்று விளக்க இவ்வளவு விவரம் எந்த வாத்தியாருக்கும் தேவைப்படாது. அண்ணன் அல்தாப் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவள் திருப்பி அனுப்பினாள், பாடம் பொய்யாகிவிடுமாம்.

“கிணத்துக்குள்ள கெடக்குறவனுக்கு நிக்காஹ் பண்ண எந்த ஹஜ்ரத்தக் கூப்பிடுறது?” என்று அல்தாப் கத்தினான்.

“மொதல்ல அவுக வாயத் தொறக்கட்டும்” என்றாள்.

டெல்லியில் ஜலீல் ரீடரானார், பேராசிரியரானார், டீன் ஆனார். பதவி ஏற ஏறக் குரலில் இருமலும் ஏறியது. வீட்டு வாடகை பற்றிய கணக்கில் எப்போதும் ஒற்றை அறை வாடகையே வந்ததால், அங்கே அவருக்குக் குடும்பம் இல்லை என்று ஊர் தெரிந்துகொண்டது. லீவுக்கும் அவர் வரவில்லை. வந்தால் முதலில் இறங்கியவர் அவராகிவிடுவார்.

2016இல் மழை ஏய்த்து, போர்வெல் போட்ட கடனுக்கு ரஃபியா பாதி நிலத்தை விற்றாள். அந்த மாதம் கிணற்றில் மூலதன ஆதாயப் பாடம். அந்தப் பெண் நிலத்தை விற்றால் என்று அங்கே ஒரு மாணவன் கேட்டிருக்க வேண்டும். குரல் சொன்னது: “விக்க மாட்டா. அவள எனக்குத் தெரியும்.” கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பத்திரம் பதிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. எடை குறைத்து நிறுத்துக் கையும் களவுமாகப் பிடிபட்டவளைப்போல ரஃபியா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

2025 ஏப்ரலில் ராமுத்தாய் வந்து சொன்னாள்: “ஆத்தா, வாத்தியாருக்கு இன்னையோட ரிட்டையராம். போன வகுப்புலயே சொன்னாக. இனிமே அங்கன வெறும் தண்ணிதான்.”

கடைசி வகுப்பிலும் எடுத்துக்காட்டாக அதே பெண்தான் வந்தாள். மூன்று ஏக்கர் என்று குரல் தொடங்கியதும், ரஃபியா வியாபாரிகளை விலக்கிக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவரில் குனிந்தாள்.

“ஒன்றரைதான்! பாதிய வித்துட்டேன். மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியேதான் இருக்கு. வாங்க.”

வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். முப்பத்தேழு வருடம் பிடித்து வைத்திருந்த பேரத்தை ஒரு பெண் இப்படியா விடுவாள்! டெல்லியில் அந்த வார்த்தைகள் டீனின் மேஜையிலிருந்த தண்ணீர் கிளாஸிலிருந்து கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அவர் அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, பாடத்தை அப்படியே விட்டுப் படியிறங்கினாராம்.

நான்காம் நாள் ஒரு பெட்டியோடு கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். தோட்டத்துக்கு வந்து ரஃபியாவின் முன்னால் வாயைத் திறந்தார். சத்தம் கிணற்றிலிருந்து வந்தது. தேனி டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நிக்காஹ் கிணற்று மேட்டிலேயே நடந்தது. மாப்பிள்ளை உதட்டை அசைத்தார், சம்மதம் சொல்லும் ‘கபூல்’ கீழேயிருந்து வந்தது. ஹஜ்ரத் குனிந்து கேட்டுக்கொண்டு தஃப்தர் பதிவேட்டில் பதிந்தார். அல்தாப் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

இப்போது அடுப்படி ஜன்னலை ரஃபியா சாத்துவதில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தவர் உப்பு கேட்டால் கிணறுதான் கேட்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அவர் சொல்வது வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிறது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் உதட்டைப் பார்த்தபடி நிற்கிறாள்.