வசந்தாவின் மனம் எதற்காக இளகியது

ரயில்வே வேலைநிறுத்தம் இன்னும் நீள வேண்டும் என்று எழுபத்துநாலாம் வருஷம் மே மாதம் வேண்டிக்கொண்ட ஒரே மத்திய அரசு ஊழியர் சேஷுவாகத்தான் இருக்க வேண்டும். ரயில் ஓடினால் அவர் மனைவி லீலாவதி தஞ்சாவூருக்குப் போய்விடுவாள். திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் ஒரு தந்தி. அவள் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சேஷு திங்களன்றுதான் வாயைத் திறந்தார். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டெல்லிக்குத் திரும்பிய பிறகு, பீரோவில் ரேஷன் கார்டைத் தேடும்போது தந்தி கையில் சிக்கியது. தேதியைப் பார்த்தாள்.

"நீ துடிச்சுப் போயிடுவியேன்னுதான்" என்றார் சேஷு. அவள் பெட்டியை இறக்கினாள். மறுநாளே ரயில்கள் நின்றுவிட்டன.

ரயில் நின்றதில் ஊரிலிருந்து வரும் வாரப்பத்திரிகையும் நின்றது. அதில் வந்த தொடர்கதையில் வசந்தா பெட்டியும் கையுமாக வாசற்படியில் நிற்கிறாள்; அவளிடம் சொல்லாமல் கணவன் அவளுடைய வீணையை விற்றுவிட்டான். படி இறங்கினாளா, உள்ளே திரும்பினாளா என்று தெரியாமல் டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் ஏழு தமிழ் வீடுகள் தவித்தன.

"சார், ஆபீஸ் ஃபைல்ல நோட் எழுதறதுல நீங்க புலியாச்சே. வண்டி ஓடுற வரைக்கும் நீங்களே எழுதுங்க" என்றார் மாடி வீட்டு மாணிக்கவாசகம். "மாமி கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கார்பன் வெச்சுக் காப்பி எடுக்கட்டும்."

லீலாவதி தலையசைத்தாள், மாணிக்கவாசகத்தின் முகத்துக்காக. சேஷுவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வசந்தா மனம் மாறினால் லீலாவதியும் மாறமாட்டாளா?

அவர் எழுதிய அத்தியாயத்தில் கணவன் இரண்டு முழம் மல்லிகையோடு வந்தான். கண் கலங்கினான். 'வசந்தாவின் மனம் இளகியது' என்று முடித்து, தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் தாள் அதே இடத்தில் இருந்தது. 'இளகியது' என்பதற்கு அடியில் பென்சில் கோடு. பக்கத்தில், 'எதற்காக?'

சேஷு விடவில்லை. கணவனுக்குக் கடும் காய்ச்சலை வரவழைத்தார். பென்சில் எழுதியது: 'காய்ச்சல் வந்தால் தப்பு சரியாகிவிடுமா?' மூன்றாவது தடவை, 'உன் விரல் நோகக் கூடாதென்றுதான் விற்றேன்' என்று கணவனைச் சொல்ல வைத்தார். இந்த முறை பென்சில் தாளையே கிழித்திருந்தது. 'பொய்.'



இரண்டு நாள் கழித்து, காலையில், மாணிக்கவாசகம் படியிறங்கி ஓடி வந்தார். "சார், ஸ்ட்ரைக் வாபஸ்! ரேடியோவுல சொல்லிட்டான். அத்தியாயம் ரெடியா? எல்லாரும் நச்சரிக்கிறாங்க."

உள்ளே லீலாவதி பெட்டியைத் தட்டித் துடைக்கும் சத்தம் கேட்டது. சேஷு ஆபீஸுக்குப் போகவில்லை. பேனாவை எடுத்தார்.

'உனக்காக ஒன்றும் செய்யவில்லை, வசந்தா. ஞாயிற்றுக்கிழமை என் மேலதிகாரி சாப்பிட வருவதாக இருந்தார். தந்தியைக் காட்டினால் நீ கிளம்பிவிடுவாய். விருந்து கெடும், ப்ரமோஷன் போகும். மூன்று நாளில் உன் அப்பாவுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஞாயிறன்று நீ பாயசம் பரிமாறினாய். அப்போது தந்தி என் சட்டைப் பையில் இருந்தது.'

கதையில் வீணை போய்த் தந்தி வந்துவிட்டதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தார். அடித்துத் திருத்தவில்லை. வசந்தா என்ன சொன்னாள் என்று எழுத வரவில்லை. அப்படியே கொண்டுபோய் மனைவி கையில் கொடுத்தார்.

லீலாவதி நின்றபடி படித்தாள். பாயசம் என்ற இடத்துக்கு வந்ததும் பெட்டி மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சேஷு கிட்டே போகவில்லை. போக அவருக்குத் தைரியமில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை ஏழாத்துக்கும் காப்பி எடுக்கட்டுமா?"

அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஏழு வீட்டு முகங்களும் சேஷுவின் கண் முன்னே வந்தன.

"எடு" என்றார்.

தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகி, ஒரு எழுத்தையும் மாற்றாமல் எழுதினாள். கடைசி வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"வசந்தா உள்ளே வருவாளா?" என்று கேட்டார் சேஷு.

"வரமாட்டா. ஊருக்குப் போவா. போய்ச் சேர்ந்து ஒரு லெட்டர் போடுவா."

"என்னன்னு?"

"அது அவளுக்கே இன்னும் தெரியாது. இப்பவே எழுதினா பொய்யாயிடும்."

சேஷு சட்டையை மாட்டிக்கொண்டார். அன்று மத்தியானம் ஸ்டேஷனில், தஞ்சாவூருக்கு ஒரு டிக்கெட் வாங்க, வெயிலில் நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.