கீச்சுச் சத்தம் நின்ற ஞாயிறு

கண்ணாடிக்கடைக்காரரின் கார் தெருமுனை வேகத்தடையில் பிரேக் பிடித்தால் போதும், கீச்சென்று ஊரையே கூட்டிவிடும். எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார். கடைக்காரரின் மனைவி மட்டும் அந்தச் சத்தத்தை நம்பித்தான் உயிரை வைத்திருந்தாள். அது கேட்டதும் போனை அணைத்து மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டைத் திறக்கப் போவாள்.

போனில் பேசுகிறவன் அவள் பெற்ற மகன். அப்பாவோடு முட்டிக்கொண்டு வெளியே போய், தானும் ஒரு கண்ணாடிக் கடை போட்டுப் பிழைக்கிறவன். அது பொறுக்குமா இவருக்கு? "அவன் கடைக்கு இடம் குடுத்தவன் என் சிநேகிதன். இந்த வீட்டுல யாராவது அவன்கூடப் பேசினது தெரிஞ்சா, ஒரே ஒரு போன்தான். அன்னைக்கே சாமானோட தெருவுல நிப்பான்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற பாவி மனுஷன் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மருமகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மகன் தகவல் அனுப்பியிருந்தான். தலைப்பிரசவம். அவளுக்கு அடுப்படியில் கால் நிற்கவில்லை. மனுஷர் எப்போது வெளியே கிளம்புவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவரோ கிளம்புகிற வழியாக இல்லை. வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை, வேலை போய் மாமனார் வீட்டுச் சோற்றைக் கூனிக்குறுகித் தின்கிறவன், அன்றைக்குப் பார்த்து வீரம் வந்து, "மாமா, பிரேக்கை நானே சரி பண்ணிடுறேன்" என்று ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "எதுக்கு மாப்பிள்ளை வீண் வேலை? மெக்கானிக் பாத்துக்க மாட்டாரா?"

"அத்தை, நீங்க சும்மா இருங்க. இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

உண்மையைச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமா காதுக்குப் போய்விடும். ஒரு நல்ல வார்த்தை வாங்க எதையும் செய்வான் அவன்.

முன்பக்கச் சக்கரம் கழன்றது. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், அவருக்கு அதுதான் சினிமா.

"பிரேக் பேடு தேஞ்சிருக்கும், அதான் கத்துது. இதுகூடத் தெரியல உனக்கு."

"இல்ல மாமா, பேடு நல்லா கனமாத்தான் இருக்கு. மேல பாருங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருக்கு. அப்புறம் பேடை அழுத்திப் பிடிக்குதே இந்தக் காலிப்பர், அது நகர்ற பின்னு துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. அதனால பேடு விலகாம, சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கோட உரசிக்கிட்டே இருக்கு."

"பெரிய டாக்டரு. உனக்குப் பொண்ணு குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டான். வேறென்ன செய்வான்? உப்புத்தாளை வைத்து பேடைத் தேய்த்தான், பின்னைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி கிரீஸ் தடவினான், பேடின் முதுகிலும் லேசாகத் தடவினான். "பேடோட முகத்துல மட்டும் கிரீஸ் படக்கூடாது மாமா, பட்டா பிரேக்கே பிடிக்காது" என்றான். மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே வைத்தியம். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு மெல்ல மூச்சு வந்தது. போன மாதம் குழாய் வாஷரை மாற்றுகிறேன் என்று வீட்டையே குளமாக்கியவன்தானே இவன். இவனாவது, சத்தத்தை நிறுத்துவதாவது! கார் முன்னைவிட இரண்டு மடங்கு கத்தும் என்று நினைத்தாள்.

மாப்பிள்ளை வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தான். பிறகு இருவரும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், மாவு டப்பாவுக்குள் கையை விட்டாள். திரும்பி வரும்போது தெருமுனையில் எப்படியும் கீச்சிடும், அதற்குள் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

"அம்மா! பொண்ணும்மா! இப்பத்தான் பொறந்துச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அழுறா பாரு, கேக்குதா?"

கேட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "என் தங்கமே, என் செல்லமே" என்றாள். வேறு ஒரு சத்தமும் அவள் காதில் விழவில்லை. விழவும் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் அடுப்படி வாசலில் நின்றார். பின்னால் மாப்பிள்ளை, கையெல்லாம் கரி, முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா அத்தை? வந்ததே தெரியல இல்ல?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கத்தியிருந்தால் போனிலிருந்தவனுக்காவது கேட்டிருக்கும். நிதானமாகத் தன் போனை எடுத்து, கடைக்கு இடம் கொடுத்த சிநேகிதரின் எண்ணை அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார். அதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னார்.

"இனிமே கூப்பிடாதேன்னு சொல்லு. நீயா சொல்ற மாதிரி சொல்லு."

"அம்மா? லைன்ல இருக்கியா? உன் மூக்குதான் இவளுக்கு."

அவள் கணவரைப் பார்த்தாள். கட்டைவிரல் நகரவில்லை.

"இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதடா."

"என்னம்மா? அப்பா பக்கத்துல இருக்காரா?"

கட்டைவிரல் கொஞ்சம் இறங்கியது.

"அவர் இல்ல. நானேதான் சொல்றேன். உன்னால எனக்கு இந்த வீட்டுல நிம்மதி இல்ல. உன் பொண்ணை நீயே வளத்துக்கோ, என்னைத் தேடாதே."

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது. பிறகு அவன், "சரி" என்றான். வைத்துவிட்டான்.

அவர் அவள் கையிலிருந்த போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார், கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் தட்டாத தோள்.

"கைய கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று முதல்முறையாக மரியாதை கொடுத்தார். "ஏய், மாப்பிள்ளைக்கு டீ போடு."

அவள் போட்டாள்.