ரப்பர் கை

இரண்டு விரல்களை ஒரே துளைக்குள் நுழைத்துவிட்டு அம்மா கையுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"விடும்மா, நான் போட்டுவிடறேன்," என்றாள் மகள்.

"ஒரு வாரமாப் போடறேன். இன்னும் பிடிபடலை."

மகள் இந்த மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸ். கை கழுவாத பெரிய டாக்டர்களையும் வழிமறித்துக் கேட்பவள். வீட்டில் அப்பா அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். பித்தநாளப் புற்றுநோயோடு அவர் இங்கேயே வந்து படுத்தார். ரத்தத்தில் வான்கோமைசின் என்ற வீரியமான மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி இருக்கிறதென்று ஆய்வகம் சொன்னதும், கதவில் சிவப்பு அட்டையை ஒட்டியவள் அவள்தான். உள்ளே போகிறவர்கள் கையுறையும் மேலங்கியும் போட்டாக வேண்டும். சொந்த அப்பா என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எவன் மதிப்பான்?

அப்பா முதலில் கேலிதான் செய்தார். "என்னைத் தொட்டா ஒட்டிக்கும்னு கல்யாணத்தப்பவே உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம், இன்ஸ்பெக்டர்." பிறகு கண் திறக்கவும் தெம்பில்லாமல் போனது. யாராவது கையைப் பிடித்தால், "யாரு? எல்லாம் ரப்பராவே இருக்கு," என்றார். அம்மா ஒவ்வொரு முறையும், "நான்தாங்க," என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாளாக அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. இன்று சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

போன் அடித்தது. மகள் வெளியே வந்து எடுத்தாள். ஆய்வகத்தில் இருக்கும் தோழி.

"அப்பாவோட கிருமி எதுன்னு இப்பத்தான் உறுதியாச்சு. கலினாரம். என்டரோகாக்கஸ் குடும்பத்துல அபூர்வமா வர்றது. நுண்ணோக்கியில பாத்தா நகருதுடி, அதுலதான் சந்தேகமே வந்துது."

"வான்கோமைசினுக்குக் கட்டுப்படலையே?"

"அது இதோட பிறவிக்குணம். நாம பயந்த வகை மாதிரி மத்த கிருமிக்கு அந்தக் குணத்தைப் பரப்பாது. அட்டையை எடுத்துரு. கையுறையே வேண்டியதில்ல." தோழியின் குரல் இறங்கியது. "மருந்துல தப்பில்ல, குடுத்தது சரியான மருந்துதான். ஆனா எந்த வகைன்னு பாக்கற டெஸ்டை நான் முதல்லயே போட்டிருக்கணும். தோணலைடி."

மருந்தில் தப்பில்லை என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சொன்னால், இத்தனை நாளும் சும்மாதான் ரப்பர் போட்டுத் தொட்டோம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால் எல்லாம் முறைப்படி நடந்ததாக நினைத்துக்கொள்வாள். யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அப்பாவின் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது.

அட்டையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அம்மா, கையுறையைக் கழட்டிடு."

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

"தேவையே இல்லையாம்மா. நாங்க தப்பாச் சொல்லிட்டோம்."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அதை அப்புறம் பேசிக்கலாம். இதை உருவு முதல்ல," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வியர்வையில் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. அம்மா அவற்றைத் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இந்த முறை யாரென்று சொல்லவில்லை. அவர் முகத்தில் மாற்றம் ஏதாவது தெரிந்ததா என்று மகளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கோ. சும்மா நிக்காத."

மகளும் வெறுங்கையால் பிடித்தாள். உள்ளங்கை சொரசொரப்பாக, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு தடவை அடுத்தது வரவில்லை. இருவரும் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

"டாக்டரைக் கூப்பிடு," என்றாள் அம்மா. கையை விடவில்லை.

மகள் எழுந்து கதவுக்கு வந்தாள். சுவரில் சானிடைசர் புட்டி. இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாக அதற்குக் கீழே போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். விரல்களை மடக்கி மூடியபடி, டாக்டரின் அறையை நோக்கி நடந்தாள்.