பின் சீட்டுக்கு வராத பாட்டு

என் வீட்டுக்காரர் பூபாலன் ஆவடியில் ராணுவ டாங்கிக்கு வயரிங் போடுகிறவர். அதனால் உலகத்தில் எந்த வயரைப் பற்றியும் அவருக்கு யாரும் சொல்லித்தரக் கூடாது. வீட்டில் மிக்சி நின்றாலும் அவரேதான் பிரிப்பார். மாட்டி முடித்தபின் ஒரு திருகு மிச்சமிருக்கும். கேட்டால் "அது எக்ஸ்ட்ரா" என்பார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

எங்கள் கார் டிக்கியில் அதிர அடிக்கும் ஸ்பீக்கர், வூஃபர் என்பார்கள், இரண்டு வைத்த பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது. அலப்பறைக்கு வைத்ததில்லை, எங்கள் மகள் நிஷாவுக்காக வைத்தது. அவளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பார்க்காத டாக்டர் இல்லை. ஒருமுறை வாடகைக் காரில் போகும்போது சீட்டில் சாய்ந்திருந்தவள் திடீரென்று தொடையில் தாளம் போட்டாள், பாட்டுக்குச் சரியாக. நான் அழுதேவிட்டேன். இவர் பாடியில் கார் ஸ்பீக்கர் விற்கும் தமிழரசு கடைக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நிஷா முதுகால்தான் பாட்டுக் கேட்டாள்.

இந்த வருஷம் புயல் எச்சரிக்கை வந்ததும் கோவில்பதாகையில் எல்லாரையும் போல நாங்களும் வெள்ளத்தில் மூழ்காமலிருக்கக் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். பாலத்தில் திருட்டுப் போய்விடும், கார் பாலத்துக்கு, பெட்டி வீட்டுக்கு என்று இவர் வூஃபரைக் கழற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்துவிட்டார். ஹாலில் அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் அவரே கீழே கொண்டுபோய் மாட்டினார். இந்த முறை ஒரு திருகுகூட மிச்சமில்லை என்று பெருமை வேறு.

பிறகுதான் கவனித்தேன். நிஷா தாளம் போடுகிறாள், ஆனால் கொஞ்சம் பிந்திப் பிந்தி வருகிறது. அவள் கண் டிரைவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதில் தெரியும் அப்பாவின் தலையாட்டலைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பேஸ் கம்மியா இருக்கே."

"நல்லாத்தான் இருக்கு. உனக்கு என்ன தெரியும்?" என்று சத்தத்தைக் கூட்டினார். பாடுகிறவர் கத்தினார், சீட்டு அதிரவில்லை. இவர் பின்னால் திரும்பி, சூப்பர் என்று நிஷாவுக்குச் சைகை காட்டினார். அவளும் சிரித்துக்கொண்டே அதையே திருப்பிக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் நிஷாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அவள் என் பக்கம் திரும்பினாள். காதைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினாள். பிறகு முதுகைத் தொட்டு, அதே மாதிரி ஆட்டினாள். 'அம்மா, முதுகும் போயிடுச்சா?' என்று கேட்கிறாள். அப்பாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார் என்றும் சொன்னாள்.

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு இவரிடம் போனேன்.

"நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லி, புள்ள தன் உடம்புதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. முதுகும் போயிடுச்சான்னு கேக்கறா. கெளம்புங்க கீழே!"

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஃபியூஸைப் பார்த்தார், எர்த் வயரை இறுக்கினார். இரண்டு வூஃபரையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் துடித்தன, ஆனால் சீட்டில் அதிர்வு மட்டும் இல்லை. கடைசியில், எனக்கே ஆச்சரியம், தமிழரசுவுக்குப் போன் போட்டார்.

"ரெண்டும் அடிக்குது, பேஸ் இல்லன்றியா அண்ணாத்தே? கழட்டி மாட்டுனியா? அப்போ ஒண்ணுல பிளஸ் மைனஸ மாத்தி சொருகிகீற. ஒண்ணு தள்ள சொல்லோ இன்னொண்ணு இழுத்துகினு கீது. ரெண்டும் சேந்து ஒண்ணும் இல்லாம பூடும். ஊட்ல கடிகார பேட்டரி கீதுல்ல? வயர கழட்டிட்டு, அத ஒவ்வொண்ணா தொட்டுப் பாரு. ரெண்டும் ஒரே பக்கம் நவுரணும்."

நான் மேலே போய்ச் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி எடுத்து, நிஷாவையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் இரண்டு உள்ளங்கையையும் வூஃபருக்கு ஒன்றாக வைத்தாள். இவர் முதல் வயரில் பேட்டரியைத் தொட்டார். 'தள்ளுது' என்று ஜாடை காட்டினாள். அடுத்ததைத் தொட்டார். 'இழுக்குது' என்றாள். சந்தேகம் வந்து மறுபடி செய்யச் சொன்னாள். அப்போதும் அப்படித்தான்.

இவர் முகம் சுண்டிப்போயிற்று. தடித்த விரல்களால் வயரைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது, உன் முதுகு நன்றாக இருக்கிறது என்றார். நிஷா என்னைப் பார்த்தாள். அப்பா எல்லாவற்றையும்தான் நன்றாக இருக்கிறது என்கிறார், இதை எப்படி நம்புவது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. பாவம், அவள்மேல் தப்பில்லை.

வயரை மாற்றிச் செருகிவிட்டு, நிஷாவைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு, இவர் முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கதவைப் பிடித்திருந்த என் கையிலேயே அதிர்வு வந்தது. நிஷா விறைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். தலை ஆடுகிறதா என்று அப்பாவைப் பார்க்கவில்லை.

இவர் மனசு கேட்காமல் திரும்பி, வருதா என்று கேட்கக் கையைத் தூக்கினார். கேட்க வழியில்லை. விழித்திருக்கிற நேரத்தில் எங்களை ஒரு நொடிகூடப் பார்வையிலிருந்து விடாத என் மகள், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.