ஒன்பதாவது பெஞ்சின் பெயர்

ஊர் அழகுச் சங்கத்துக்குக் கட்டடமும் கிடையாது, கவர்மெண்டு காசும் கிடையாது. காப்பிக் கடையில் ஒரு தகர உண்டியல் இருந்தது, அவ்வளவுதான். மீன் விற்று வந்தவர்கள் அதில் போட்டதை வைத்துக்கொண்டே பெக் ஹியாங்கும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அந்தச் சீன மீன்பிடிக் கிராமத்தின் முகத்தை மாற்றிவிட்டார்கள். குப்பை மேடாகக் கிடந்த ஆற்றங்கரையில் காகிதப்பூச் செடி வைத்தார்கள், பலகைப் பாலத்துக்கு நீலம் அடித்தார்கள், படகுத்துறை நெடுக சிமெண்டுப் பெஞ்சு போட்டார்கள். பெஞ்சுக்கு நன்கொடை தந்தவர் சொல்லும் பெயரை அதன் முதுகில் பொறித்துக் கொடுத்தார்கள்.

பொறித்தவர் கல்லறைக் கல் செதுக்கும் தியோ. உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு, செத்தவர் பெயருக்குத் தங்க நிறம், அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கல்லறையில் புருஷன் பெயர் தங்கமாகவும், பக்கத்தில் பெண்டாட்டி பெயர் சிவப்பாகக் காத்துக்கொண்டும் இருக்குமே, அதே மாதிரி பெஞ்சிலும் அடித்தார். ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

படகுத்துறையில் ஒன்பது பெஞ்சு. எட்டில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர், தங்கத்தில். கடைசியில் மட்டும் சிவப்பில் இயோ குவீ லியாங் என்று இருந்தது. பெக் ஹியாங்கின் புருஷன். ஏழு வருஷத்துக்கு முன் வலை போடப் போனான், காலிப் படகுதான் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்காதவன் சாகவில்லை என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். செங் பெங் நாளில் ஊரே செத்தவர்களுக்குச் சோறு படைத்து ஊதுவத்தி ஏற்றும்போது அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உயிரோடு இருப்பவனுக்குப் படையல் வைப்பது அவன் ஆயுளை அறுக்கிற வேலை அல்லவா? ஒவ்வொரு புத்தாண்டுக்கும் முன்னால் உப்புக்காற்றில் வெளுத்த சிவப்பைத் தன் கையாலேயே புதுப்பிப்பாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். எட்டிப் பார்த்தால் ஆளிருக்காது, ஈரச் சேற்று வாடை மட்டும் அடிக்கும். அவன் எங்கேயோ உயிரோடு இருந்துகொண்டு தன்னை நினைக்கிறான் என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டாள், பாவம்.

இந்த வருஷம் புத்தாண்டு நெருங்கும்போது அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கோயில் வாசலுக்கு அடித்ததில் மிச்சம் என்று யாரோ ஒரு டின் தங்கப் பெயிண்டைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். நூடுல்ஸ் கடை மேய் குவான் அதை எடுத்துக்கொண்டு பெஞ்சுப் பெயர்களைப் புதுப்பிக்கப் போனாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் பெக் ஹியாங்கின் வாசலில் வந்து நின்று அழுதாள்.

"அக்கா, என்னைச் செருப்பால அடிங்க. எட்டுப் பெஞ்சு அடிச்ச கை, ஒன்பதாவதுலயும் தானா போயிடுச்சு. முடிச்சப்புறம்தான் பாத்தேன்."

பெக் ஹியாங் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தானா போகலடி. மனசுக்குள்ள எல்லாரும் அவரைப் பொதைச்சுட்டீங்க. அதான் கை போச்சு."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. இப்பவே போய் நகத்தால சுரண்டிடறேன் லா!"

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். போய் உன் நூடுல்ஸைக் கிளறு. நான் பாத்துக்கறேன்."

உச்சிவெயிலில் சிவப்பு டின்னையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். கடல் வற்றிய நேரம். ஆறு சேறாகக் கிடந்தது. ஒன்பதாவது பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை சேறு. ஏழு வருஷத்துக்கு முன் வலைக்குப் போனபோது போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. தலை வெடிக்கிற வெயிலில் அவனுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

புருஷனாக இருந்தால் மட்டும் பயம் வராமல் போய்விடுமா? ஓடத்தான் நினைத்தாள். ஆனால் கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தைப் பார்த்ததும், அந்த ஊரில் யாரைக் கண்டாலும் வாயில் முதலில் வருகிற கேள்விதான் வந்தது.

"சாப்பிட்டாச்சா?"

அவன் மெதுவாகத் திரும்பினான். "யாரு போட்டா, ஹியாங்? இவங்க எட்டுப் பேருக்கும் அவங்கவங்க வீட்டுலேருந்து வருது. நானும் பக்கத்துல போய் நிப்பேன். உன் பேரு சிவப்புல இருக்கு, உனக்கு இங்க எலை இல்லைன்னு விரட்டிடுவாங்க."

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமா."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சாப்பிடும்போதெல்லாம் வாசல்ல வந்து நின்னேனே. உள்ள வர முடியல. வாயும் தொறக்கல. முந்தாநாள் பேரு மாறினப்புறம்தான் கொஞ்சம் பேச்சு வருது." அவள் கையில் இருந்த டின்னைப் பார்த்தான். "மறுபடியும் அடிக்கப் போறியா?"

அவன் கேள்வியில் கோபம் இல்லை. பசித்தவன் அடுத்த வீட்டு அடுப்பைப் பார்க்கிற பார்வை. அதுதான் அவளைக் கொன்றது. சிவப்பை அடித்தால் அவள் புருஷன் உயிரோடு இருப்பான், அவள் வரைக்கும். இவன் இப்படியே சேற்றில் நிற்பான்.

டின்னை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அரிசிக் கஞ்சி வைத்தாள், மீனை ஆவியில் வேகவைத்தாள், உப்பு முட்டையை இரண்டாக வெட்டினாள். ஊதுவத்திக்கு எங்கே போவாள்? அந்த வீட்டில் அது நுழைந்ததே இல்லை. மேய் குவானிடம் போய்க் கேட்டாள். மேய் குவான் கொதிக்கிற நூடுல்ஸை அப்படியே விட்டுவிட்டு ஒரு கட்டு ஊதுவத்தி எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. சேற்று வாடை மட்டும் இருந்தது. கஞ்சிச் சட்டியை இறக்கி, கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். மூன்று ஊதுவத்தியைப் பற்றவைத்து இரண்டு கையாலும் பிடித்தாள். வத்தி கால்வாசி எரிந்த பிறகுதான் சொன்னாள்.

"செத்துப்போன என் வீட்டுக்காரருக்கு."

சொல்லிவிட்டு ஏழு வருஷ அழுகையையும் சேர்த்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தாள். கஞ்சியில் ஆவி அடங்கியிருந்தது, ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

"போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

அவள் சட்டியிலிருந்து இன்னொரு கரண்டி வைத்தாள்.