கைப்போலீஸ்

ஆஸ்பத்திரியில் அவளைக் கைப்போலீஸ் என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் யார் கையில் கிருமிநாசினி தேய்த்தார்கள், யார் தேய்க்கவில்லை என்று நோட்டில் கோடு போட்டுக் கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. அவள் தலையைக் கண்டால் பெரிய டாக்டர்கூட இரண்டு முறை தேய்த்துக்கொள்வார். "இதுக்கு எங்க மாமியாரே தேவல" என்று நர்ஸ்கள் முணுமுணுப்பது அவள் காதிலும் விழும். விழட்டுமே, மருந்துக்கே கேட்காத கிருமி முணுமுணுப்புக்கா கேட்கப்போகிறது?

அந்தக் கிருமி அவள் தங்கையைப் பிடித்தது. குடல் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் படுக்கையில் தேறிக்கொண்டிருந்தவளுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் கிருமி. மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், எதற்கும் மசியவில்லை. பதினோராம் நாள் காலையில் போய்விட்டாள். முப்பத்தாறு வயது. அக்காவுக்கு அழக்கூட நேரமில்லை. நாலாம் படுக்கைக்காரரிடம் இருந்த அதே கிருமிதான் என்று ஆய்வகம் அன்றே எழுதி அனுப்பிவிட்டது.

நாலிலிருந்து ஐந்துக்கு அதைக் கொண்டுபோனது யார்?

"வேற யாராவது பாக்கட்டும், நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் பெரிய டாக்டர். அவள் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் சும்மா விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேமரா பதிவின் முன் உட்கார்ந்தாள். தங்கையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண் கதவருகே நின்று அழுதாள்.

"நான் தேய்ச்சேன் மேடம். சத்தியமா தேய்ச்சேன்."

தேய்த்துத்தான் இருந்தாள், ஒவ்வொரு முறையும். மற்றவர்களும் அப்படியே.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மதியப் பதிவில், நாலாம் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையிலிருந்து தங்கை கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் ஓடினாள். ஈரத்துணியால் தங்கையின் உதட்டைத் துடைத்தாள். கழுத்தில் செருகியிருந்த குழாயின் மேல் உரிந்திருந்த பிளாஸ்திரியை விரலால் அழுத்தி ஒட்டினாள். கையில் எதுவும் தேய்க்கவில்லை. அக்காவாக ஓடியவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஏழு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஏழு தடவையும் அது அவள்தான்.

"நீ இல்லம்மா. போய் முகத்தக் கழுவு" என்று நர்ஸ் பெண்ணை அனுப்பினாள்.

வெளியே பெஞ்சில் தங்கையின் கணவர் இருந்தார். "யாருன்னு தெரிஞ்சுதா, அக்கா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "நான்தான், தம்பி" என்றாள். தரையிலேயே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அன்னிக்கு சாயந்தரம் நான் பாக்க வந்தப்ப அவ சொன்னா" என்றார். "'எல்லாரும் குழாயப் பாத்துட்டுப் போறாங்க, எங்கக்கா மட்டும்தான் என்னப் பாக்க வர்றா. அவ தொட்டதும் பொழைச்சுக்குவேன்னு தைரியம் வந்துடுச்சு'ன்னா."