ஒரு ஆபரேட்டர், ஒரு சந்தாதாரர்

உலகத்திலேயே மிகச் சிறிய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நிறுவியவன் நான். படுக்கையறையில் ஓர் ஆபரேட்டர், சமையலறையில் ஒரு சந்தாதாரர், நடுவே பதினோரு அடி தூரம். சிம் கிடையாது, நம்பர் கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் செல்லாக்காசுகூடக் கட்டியதில்லை. ஏழு மாதம் வாயே திறக்காத ஒருத்தி அந்த எக்ஸ்சேஞ்சில் டூட்டி பார்த்தாள். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் மீசையை ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு தெருவில் நடக்கத் தயார்.

என் மைத்துனன் நம்பவில்லை. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களையும் எரிந்த கடைகளையும் போய்ப் பார்த்து வந்தவன். ஒருமுறை, கரிக்கட்டையாகிப் போன கடையின் முன்னால் நின்றுகொண்டு, “தீப்பிடிச்சதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டானாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் ஆதாரம்.

நான் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்தவன். நான் ஏறி நிற்கிறேன் என்று தெரிந்தால் மின்னல்கூட வேறு கம்பம் பார்த்துப் போய்விடும். என் மனைவி அதே ஆபீஸில் ஆபரேட்டர். அவள் முன்னால் ஒரு பலகை, பலகை நிறையக் குட்டிக் குட்டி விளக்குகள். விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார் என்று அர்த்தம். வயரைச் செருகி, “நம்பர் ப்ளீஸ்” என்று விசாரித்து, கேட்ட இடத்துக்கு இணைப்பாள். எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாக மாறிய பிறகும் விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெறும்வரை போனுக்குப் பதில் சொன்னாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தாள். மூளையில் ரத்த அடைப்பு. வலது பக்கம் மரத்துப் போனது, பேச்சும் நின்றது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவளுக்கு எந்தப் பக்கம் மரத்தது என்று விளக்கமாகப் படம் போட்டுக் காட்டினார். எனக்கு எந்தப் பக்கம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு அவளைப் புரட்டிப் படுக்க வைப்பேன். ஆறு மணிக்குத் துடைத்துவிடுவேன். எட்டுக்கு மாத்திரை, பத்துக்கு சூப், பன்னிரண்டுக்கு மறுபடி புரட்டல். இடையில் பேப்பரை உரக்கப் படிப்பேன். அதில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பேன். நம் தெருவில் யானை புகுந்து தபால்காரரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று படித்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யானையை நானே பேப்பரோடு மடித்து வைத்துவிட்டு அடுத்த மாத்திரையை எடுத்தேன். வருத்தம் என்று ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி சில சமயம் அதைத் தேடியும் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒருநாள் நான் பின்பக்கம் துணி காயப்போடுகையில் அவள் கட்டிலிலிருந்து நழுவி விழுந்துவிட்டாள். ரிசீவர் வைத்து வைத்தே பாழாய்ப்போன இடது காது எனக்கு, விழுந்த சத்தம் எட்டவில்லை. நாற்பது நிமிடம் தரையில் கிடந்திருக்கிறாள். கண்டுபிடித்தது மைத்துனன்தான், ஆரஞ்சுப் பழப் பையுடன் வாசலில் நுழைந்தவன்.

“அத்தான், இதுக்கு மேல வேணாம். ஒரு நல்ல ஹோம் பார்த்து வச்சிருக்கேன். இருபத்திநாலு மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க.”

“அவளுக்கு எல்லாம் புரியுது மச்சான். கூப்பிடத்தான் முடியல.”

“புரியுதுங்கறதுக்கு...”

“தெரியும், தெரியும். ஆதாரம்.”

“ஆமா. அக்கா தானா ஏதாவது ஒண்ணு செய்யட்டும். ஒரே ஒரு தடவை போதும். நான் கண்ணால பாக்கணும். சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். அஞ்சு மணிக்கு வண்டி வரும்.”

அவன் சொன்னதில் தப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இல்லை. சரி என்று, அவன் நீட்டிய ஹோம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனா ஒழுங்காக எழுதியது.

மறுநாள்தான் மேஜை டிராயரில் அந்த மலிவு போனைக் கண்டேன். பெட்டிக்கடையில் சோப்புக்குப் பக்கத்தில் தொங்குமே, ஒரு மாத இலவசப் பேச்சுடன், அந்த ரகம். இலவச மாதம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கம்பெனிக்காரன் அனுப்பியிருந்த மெசேஜ்களை வரிசையாக ஒட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். சிம்மை உருவி எறிந்தேன். டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்னாமல் இருக்க விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் உயிர்ப்பித்தேன். உங்கள் நம்பர் என்ன, நம்பர் என்ன என்று ஒவ்வொரு ஆப்பும் கேட்டது. நம்பரே கேட்காமல், வீட்டு வைஃபைக்குள்ளேயே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பேசுகிற ஒன்று கடைசியில் அகப்பட்டது. எண்பத்தேழாவது ஆப். சரி, ஆறாவது.

கட்டில் கம்பியில், அவளுடைய நல்ல கை எட்டுகிற இடது பக்கத்தில், துணி கிளிப் நான்கைப் போட்டு அதை மாட்டினேன். சார்ஜர் எந்நேரமும் செருகியே இருக்கும். திரை அணையாது. திரை முழுக்கச் சிவப்பாக ஒரே பட்டன். தொட்டால் சமையலறையில் என் போன் அலறும். ஒரு தடவை அவள் அழுத்திவிட்டால் போதும், ஹோமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்.

“இங்க பாரு. ஏதாவது வேணும்னா இதைத் தொடு. தொட்டா நான் பறந்து வருவேன்.”

அவள் பட்டனைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரரின் கரண்ட் பில்லைப் பார்ப்பதுபோல.

புதன் தொடவில்லை. வியாழன் தொடவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கையை நானே தூக்கிப் பட்டன் மேல் வைத்தேன். சமையலறையில் மணி அடித்தது. கை தானாக நழுவிப் போர்வைமேல் விழுந்தது. நான் போய் மணியை நிறுத்தினேன். அன்றே அவளுடைய உடைகளை ஒரு பையில் மடித்து வைத்தேன். ஆறு நைட்டி, இரண்டு துண்டு, சீப்பு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆதாரம் வந்துவிட்டான். நாற்காலியைக் கட்டிலின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

“என்னடா இது, பரீட்சை ஹாலா? பிட் அடிக்கிறாளான்னு பாக்கறியா?”

“நீங்க பேசாம இருங்க அத்தான். நீங்க ஏதாவது பண்ணி வச்சுட்டு அக்கா பண்ணினான்னு சொல்லுவீங்க.”

“நானா? நான் ஜென்மத்துல பொய் சொன்னதில்ல.”

“யானை தபால்காரரைத் தூக்கிட்டுப் போச்சுன்னு எதிர் வீட்டுல போய் சொன்னது யாரு?”

மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டு தடவை, “அக்கா, அதைத் தொடேன்” என்று மெதுவாகக் கெஞ்சினான். அவனுக்கும் அவள் போகக் கூடாது என்றுதான் இருந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், டீ போடலாம் என்று இருந்தது. எழுந்து போனேன்.

பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, அவனுக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்க மறந்தது நினைவு வந்தது. பதினோரு அடி திரும்பி நடக்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் போன் இருந்தது. கட்டில் போனைக் கூப்பிட்டேன். இத்தனை நாளில் அந்தத் திசையில் நான் கூப்பிட்டதே இல்லை. பேசாதவளுக்கு யார் போன் போடுவார்கள்?

இரண்டாவது மணியில் எடுத்தாகிவிட்டது. மைத்துனன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“சக்கரை போடட்டுமா வேணாமா?” என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, துருப்பிடித்த தாழ்ப்பாளை நகர்த்துகிற மாதிரி ஒரு குரல்:

“நம்பர் ப்ளீஸ்.”

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் தானாகச் சொன்னது. “நாலு... நாலு எட்டு ரெண்டு.” யாருடைய நம்பர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“எங்கேஜ்டா இருக்கு. வெயிட் பண்ணுங்க.”

வெயிட் பண்ணினேன். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அப்போதும் வெயிட் பண்ணினேன். ஆபரேட்டர் சொன்னால் சந்தாதாரர் கேட்க வேண்டும் அல்லவா? அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுப்பை அணைத்தேன், துடைத்தேன், துணியைப் பிழிந்து காயப்போட்டேன். அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தோரு வருடம் விளக்கு எரிந்தால் பதில் சொன்னவள் அவள். தானாக யாரையும் கூப்பிட்டதே இல்லை. அவளிடம் போய்ப் பட்டனைக் கொடுத்து என்னைக் கூப்பிடு என்று கெஞ்சியிருக்கிறேன். சந்தாதாரர் வேலையை ஆபரேட்டர் தலையில் கட்டிய மகா புத்திசாலி, கம்பத்திலேயே காலம் போக்கிய லைன்மேன்.

அறைக்குள் போனேன். மைத்துனன் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். கடிகாரம் தரையில் கிடந்தது. போனின் திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் இடது கை அதன் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி.

“நீயா பேசினே?”

இல்லை என்று தலையாட்டினான்.

“வேற யாரு?”

“ஃபேன் சத்தமா இருக்கும்.”

“ஃபேன் நம்பர் ப்ளீஸ்னு சொல்லுச்சா?”

“அந்தப் போன்லயே ஏதாவது ரெக்கார்டிங்... உங்களை நம்ப முடியாது அத்தான்.” சொல்லிக்கொண்டே கிளிப்புகளைக் கழற்றி, போனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான். எரிந்த கடையில் தீப்பெட்டியைத் தேடுகிறவன் மாதிரி.

அப்போது அவன் சட்டைப் பையில், ஒழுங்காக மாதாமாதம் பணம் கட்டுகிற அவனுடைய போன் அடித்தது. வெளியே எடுத்தான். திரையில் வெளிச்சம். அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். இடது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, அவன் அதைத் தருவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் தரவில்லை. தன் காதிலேயே வைத்துக்கொண்டான்.

“சொல்லுங்க... வண்டி கிளம்பிடுச்சா... இல்லைங்க, திரும்பிப் போகச் சொல்லுங்க... வேணாம்... எழுதித் தரணுமா, என்னன்னு எழுதணும்... காரணமா?”

அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், வாயைத் திறக்காதே என்பதுபோல.

“பேசினாங்க சார். போனை எடுத்துப் பேசினாங்க. இல்ல, அவர் சொல்லலை, அவர் சொன்னா நானே நம்பமாட்டேன். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நடந்துச்சு.”